பாடநூலின் வழித்துணைச் சொற்கள்



பாடநூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்பின் நூலாயினும் சரி, எந்த மொழியின் நூலாயினும் சரி. அதில் ஒரு பக்கத்தைத் திறந்து, 'முதலாவதாக', 'அதாவது', 'எடுத்துக்காட்டாக', 'ஆகவே', 'மேலே உள்ள படத்தைப் பாருங்கள்', 'சென்ற பாடத்தில் கண்டோம்', 'என்று அறிஞர் கூறுவர்', 'நீயே சிந்தித்துச் சொல்' என்பன போன்ற சொற்களின் கீழ் மட்டும் கோடிட்டுப் பாருங்கள். கோடிட்டு முடித்தபின் ஓர் உண்மை புலப்படும். இச்சொற்களுள் ஒன்றேனும் பாடத்தின் பொருளைப் பற்றியதன்று. இலையைப் பற்றிய பாடத்தில் இவை இலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆற்றைப் பற்றிய பாடத்தில் இவை ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இவை பேசுவது நூலைப் பற்றி. நூலைப் படிக்கும் உங்களைப் பற்றி. நூலை எழுதியவரின் உள்ளத்தைப் பற்றி.

ஆகவே, ஒரே பக்கத்தில் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன என்று கொள்ளலாம். ஒன்று பொருளைச் சொல்லும் குரல். மற்றொன்று, பொருளினூடே படிப்பவனை அழைத்துச் செல்லும் குரல். கோவை நகரிலிருந்து திருச்சி சாலையில் செல்லும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். வண்டியை ஓட்டுபவர் ஓட்டுநர், ஐயமில்லை. ஆயினும் 'இராமநாதபுரம்', 'சிங்காநல்லூர்', 'ஒண்டிப்புதூர்' என்று நடத்துநர் குரல் கொடாவிட்டால், ஊருக்குப் புதியவர் தாம் இறங்க வேண்டிய இடத்தைத் தவற விடுவார். நாள்தோறும் அவ்வழியே செல்பவருக்கு அக்குரல் தேவையில்லை. புதியவருக்கோ அதுவே கண். பாடநூலைப் படிக்கும் சிறுவன் அறிவுலகிற்குப் புதியவன். அவனுக்குக் குரல் கொடுக்கும் சொற்களை நாம் இங்கே வழித்துணைச் சொற்கள் என்று அழைப்போம். அவற்றின் இயல்பையும், அவை குறைந்தால் நேரும் இழப்பையும், அவற்றை நீங்கள் கையாள வேண்டிய முறையையும் இன்று சிறிது ஆராய்வோம்.

மேனாட்டு மொழியறிஞர் இவ்வகைச் சொற்களுக்குத் தனிப்பெயர் இட்டு ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க மொழியியல் அறிஞர் செல்லிக் ஹாரிஸ் என்பார் 1959-ஆம் ஆண்டில் அப்பெயரை வழங்கினார். பின்னர் ஏவன் கிரிஸ்மோர் என்னும் அம்மையார், 1984-இல் பள்ளிச் சமூக அறிவியல் நூல்களை எடுத்து, அவற்றில் எழுதியவரின் குரல் எந்த அளவு கேட்கிறது என்று ஆராய்ந்தார். பொதுமக்களுக்காக எழுதப்பட்ட நூல்களில் கேட்கும் ஆசிரியர் குரல், பாடநூல்களில் மெலிந்துவிடுவதை அவர் சுட்டிக் காட்டினார். கென் ஹைலண்ட் என்பார் 2005-இல் வெளியிட்ட நூலில் இச்சொற்களை இரு பெரும் பிரிவாக வகுத்தார். வழியைக் காட்டும் சொற்கள் ஒரு பிரிவு. உறவை அமைக்கும் சொற்கள் மற்றொரு பிரிவு. 'ஆகவே', 'முதலில்', 'அதாவது', 'மேலே கண்டவாறு' என்பன வழியைக் காட்டுவன. 'ஒருவேளை', 'உறுதியாக', 'வியப்பான செய்தி', 'நாம்', 'நீங்கள்' என்பன எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே உறவை அமைப்பன.

இப்பகுப்பைக் கேட்டவுடன் தமிழிலக்கணம் பயின்றோர்க்கு ஒரு நூல் நினைவிற்கு வரும். அது பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் அம்முனிவர் அதனை இயற்றினார். ஈரோட்டு மாவட்டத்துச் சீனாபுரமே அவருடைய ஊர் என்பது கொங்கு நாட்டில் வழங்கும் மரபு. நன்னூல் எழுத்தையும் சொல்லையும் பற்றிய நூல். ஆனால் அது எழுத்தில் தொடங்கவில்லை, பாயிரத்தில் தொடங்குகிறது. ஒரு நூலை யார் செய்தார், எவ்வழியில் வந்தது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு உரியது, கேட்டால் என்ன பயன் என்பவற்றை நூலின் வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அது வகுக்கிறது. நல்லாசிரியன் எப்படிச் சொல்ல வேண்டும், மாணாக்கன் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் அங்கேயே கூறிவிடுகிறது. அறையைக் காட்டுவதற்கு முன் வீட்டின் அமைப்பைச் சொல்லும் பண்பு இது.

அப்பாயிரத்திலேயே 32 உத்திகளும் வருகின்றன. தொல்காப்பியமும் இவ்வெண்ணிக்கையிலேயே உத்திகளைக் கூறும். நன்னூலின் உத்திகளுள் சிலவற்றின் பெயரை மட்டும் கேளுங்கள். பின்னர்ச் சொல்வோம் என்று முன்கூட்டியே அறிவிப்பது 'உரைத்தும் என்றல்'. முன்னரே சொன்னோம் என்று நினைவூட்டுவது 'உரைத்தாம் என்றல்'. பலவற்றை ஒருங்கே சுட்டுவது 'தொகுத்துச் சுட்டல்'. அவற்றைப் பிரித்து விளக்குவது 'வகுத்துக் காட்டல்'. பிறருடைய கொள்கையை அவர் கொள்கையாகவே எடுத்துரைப்பது 'பிறன்கோட் கூறல்'. இருவேறு கருத்துகள் உள்ளவிடத்து ஒன்றைத் துணிந்து கொள்வது 'ஒருதலை துணிதல்'. இன்றைய ஆராய்ச்சியாளர் அட்டவணையிட்டுக் காட்டும் வகைகளுள் பல இங்கே பெயருடன் நிற்கின்றன. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று மார்தட்டுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நூல் செய்வோர் படிப்பவனை மறக்கலாகாது என்னும் எண்ணம் நம் மரபில் ஆழ வேரூன்றியது என்பதைக் காட்டவே சொல்கிறேன். உரையாசிரியர்கள் 'என்னையெனின்' என்று தாமே வினவித் தாமே விடையிறுத்ததும் இவ்வெண்ணத்தினாலேயே ஆகும். கேட்பவன் எங்கே தயங்குவான் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனர், அங்கே நின்றனர், அவன் கேட்க வேண்டிய வினாவைத் தாமே கேட்டனர்.

இப்பண்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபு மொழியின் பழைய இலக்கண நூல்களையும் சமய நூல்களையும் நோக்கினால், அங்கும் இதே வழித்துணையைக் காணலாம். 'அறிக' எனப் பொருள்படும் 'இஃலம்' என்ற சொல்லால் ஆசிரியர் மாணவனை விளித்துத் தொடங்குவார். 'அய்', 'யஃனீ' என்பன நம் 'அதாவது' போன்றவை. 'கீல' என்றால் 'என்று சொல்லப்பட்டது' என்பது பொருள்; தம் கருத்தன்று, பிறர் கருத்து என்று காட்டுவதற்கு அச்சொல் உதவும். 'நீ இவ்வாறு வினவினால் நான் இவ்வாறு விடை கூறுவேன்' என்ற அமைப்பும் அங்கு உண்டு. நம் 'என்னையெனின்' அதற்கு உடன்பிறந்ததே. எல்லாவற்றினும் சிறந்தது, வாதத்தின் முடிவில் அறிஞர் பலர் இடும் 'வல்லாஹு அஃலம்' என்னும் தொடர். 'இறைவனே நன்கறிவான்' என்பது அதன் பொருள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன், முற்றறிவு என்னுடையதன்று என்னும் அடக்கம் அதில் உள்ளது.

பெரியவர்களுக்கான நூல்களில் இவ்வளவு வழித்துணை இருக்க, அரபு மொழியைப் புதிதாகக் கற்கும் சிறுவனுக்கு என்ன கிடைக்கிறது? இவ்வினா நமக்குத் தொலைவில் உள்ளதன்று. கோவை உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் பள்ளிவாசல்களை ஒட்டி அரபு எழுத்துகளைக் கற்கும் சிறுவர் சிறுமியர் இருக்கின்றனர். வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டு மாவட்டத்துள் நுழைந்தால், கேரள அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே அரபு ஒரு மொழிப்பாடமாக நடைபெறுவதைக் காணலாம். அச்சிறுவர்களுக்கு வீட்டு மொழி அரபு அன்று. 'படி', 'எழுது', 'பொருத்துக', 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்னும் கட்டளைகளை எந்த மொழியில் சொல்வது? அரபில் சொன்னால் குழந்தைக்குப் புரியாது. வீட்டு மொழியில் சொன்னால், கற்க வேண்டிய மொழியின் புழக்கம் குறைந்துவிடும்.

இச்சிக்கலுக்குத் தமிழ் முஸ்லிம்கள் பண்டே ஒரு வழி கண்டனர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் அரபெழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வழங்கியது. அறிய வேண்டிய அரபுத் தொடர் அரபில் நிற்கும். அதனை விளக்கி அழைத்துச் செல்லும் சொற்கள் தமிழில் நிற்கும். இரண்டையும் ஒரே எழுத்து தாங்கும். பொருளின் குரல் ஒரு மொழியிலும், வழித்துணையின் குரல் தாய்மொழியிலும் ஒலித்த அமைப்பு அது.

வேறொரு வழியைக் கண்டவரும் தமிழ்நாட்டவரே. வாணியம்பாடியில் 1933-இல் பிறந்து 2023-இல் மறைந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் அரபு கற்பித்தவர். அரபைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர்க்காக அவர் எழுதிய 'துரூஸுல் லுகத்தில் அரபிய்யா' என்னும் நூல், மூன்று பகுதிகளாக உலகின் பல நாடுகளில் பயிலப்படுகிறது. அந்நூல் முழுதும் அரபிலேயே அமைந்தது. முதற்பாடம் நீண்ட விளக்கத்தில் தொடங்கவில்லை; படத்தைக் காட்டி, இது என்ன, இது இன்னது என்று சுட்டுவதில் தொடங்குகிறது. பயிற்சிகளின் தலைப்பில் உள்ள 'படி', 'எழுது' என்னும் கட்டளைகளும் அரபே. மாணவன் அவற்றை மீண்டும் மீண்டும் காண்பதால், பாடத்தோடு கட்டளையும் அவன் மொழியாகிவிடுகிறது. வழித்துணைச் சொற்களே பாடமாகிவிட்ட விந்தை இது. ஆங்கிலம் வழியே கற்போருக்கு உதவும் குறிப்புகளைத் தனி நூலாக அவர் அமைத்தார். பாடநூலுக்குள் அவற்றைக் கலக்கவில்லை. இருவழிகளுள் எது சிறந்தது என்று ஒருதலையாகத் துணிய வேண்டியதில்லை. இரண்டிலும் ஒரு பொதுமை உண்டு. கட்டளைச் சொற்களைக் குழந்தை எப்படியோ அறிந்துகொள்ளும் என்று அவை கைவிடவில்லை. அவற்றையும் எண்ணி அமைத்தன.

அரபு நூல் நமக்கு மற்றொரு நுட்பத்தையும் கற்பிக்கிறது. அம்மொழியில் ஏவல் வினை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்று. 'எழுது' என்பதைச் சிறுவனிடம் 'உக்துப்' என்றும், சிறுமியிடம் 'உக்துபீ' என்றும் சொல்ல வேண்டும். ஆகவே பாடநூல் ஒரு கட்டளையை அச்சிடும்போதே, தன் முன் அமர்ந்திருப்பது யார் என்று முடிவு செய்துவிடுகிறது. ஆண்பால் ஏவலையே எங்கும் இட்டால், வகுப்பில் உள்ள சிறுமி பிறருக்குச் சொன்னதை ஓரத்தில் நின்று கேட்பவளாகிவிடுகிறாள். தமிழில் இத்தொல்லை இல்லை. 'எழுதுக' என்பது இருபாலார்க்கும் பொது. ஆனால் நம் மொழியில் வேறு தெரிவுகள் உண்டு. 'எழுது', 'எழுதுங்கள்', 'எழுதுக', 'எழுதுவோம்' என்ற நான்கும் ஒரே செயலைச் சொன்னாலும் நான்கு உறவுகளைச் சொல்கின்றன. முதலாவது கட்டளை, இரண்டாவது மதிப்பு, மூன்றாவது தொலைவில் நின்று பேசும் முறைமை, நான்காவது தோளோடு தோள் நிற்கும் தோழமை. தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்களில், தொடக்க வகுப்புத் தமிழ்ப் பாடங்களில் 'வாங்க பேசலாம்', 'சிந்திக்கலாமா' போன்ற தலைப்புகளைக் காணலாம். எழுத்துத் தமிழின் நூலுக்குள் 'வாங்க' என்னும் பேச்சுவடிவம் வந்து அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். படிப்பவனின் வீட்டுத் திண்ணைக்குப் பாடநூல் இறங்கி வந்த அடையாளம் அது.

இங்கேதான் நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை உள்ளது. சார்லஸ் ஃபெர்குசன் என்னும் மொழியறிஞர், அதே 1959-ஆம் ஆண்டில், பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் பெரிதும் வேறுபட்டு நிற்கும் மொழிகளைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். அவர் விரிவாக எடுத்துக்காட்டிய நான்கு மொழிச்சூழல்களுள் அரபு ஒன்று. தமிழின் நிலையும் அத்தகையதே. இருவழக்கும் வேறுபடுவது பெயர்ச்சொற்களில் மட்டுமா? இல்லை, வழித்துணைச் சொற்களிலேயே அவ்வேறுபாடு குழந்தையை மிகுதியாகத் தடுக்கிறது. கெய்ரோ நகரத்துச் சிறுவன் வீட்டில் காரணம் சொல்ல 'அஷான்' என்பான். அவன் நூலில் 'லிஅன்ன' என்றிருக்கும். சிங்காநல்லூர்ச் சிறுமி வீட்டில் 'ஏன்னா' என்பாள். அவள் நூலில் 'ஏனெனில்' என்றிருக்கும். அவள் பாட்டி 'அதுக்கோசரம்' என்பார்; நூல் 'அதன்பொருட்டு' என்னும். வீட்டில் 'ஆனாலுங்க' என்பது நூலில் 'எனினும்' ஆகும். மரம், ஆறு, இலை என்னும் சொற்களுக்குப் படம் வரைந்து காட்டலாம். 'எனினும்' என்பதற்கு யார் படம் வரைவார்?

சிங்காநல்லூரும் அதன் சுற்றுப்புறமும் ஆலைகளாலும் தொழிற்கூடங்களாலும் வளர்ந்தவை. பள்ளிக்கூடத்தின் வாயிலைத் தம் குடும்பத்தில் முதன்முதலாக மிதித்த பிள்ளைகள் பலர், ஆலைத் தொழிலாளர் வீடுகளிலிருந்தே வந்தனர். இன்றோ பீகார், ஒடிசா, சார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து கோவைக்கு உழைக்க வந்தோரின் குழந்தைகளும் தமிழ்வழி வகுப்புகளில் அமர்கின்றனர். இக்குழந்தைகளுள் ஒருத்தி தேர்வில் விடை எழுதாமல் விட்டால், பாடம் தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அவளுக்கு இலையும் தெரியும், வேரும் தெரியும்; 'வேறுபடுத்துக' என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. 'ஒப்பிடுக', 'காரணம் கூறுக', 'சான்று தருக', 'நிறுவுக' என்பன ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலையை ஏவும் சொற்கள். நூல் இவற்றை எல்லோரும் அறிந்தனவாக எண்ணி வழங்குகிறது. படித்த வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையோ தாயோ இவற்றின் பொருளைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகின்றனர். சொல்வார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அவை பூட்டிய கதவுகள். கல்வியில் ஏற்றத்தாழ்வு இத்தகைய சிறு சொற்களின் வழியாகவும் நுழைகிறது என்பதை ஆசிரியரும் நூலாசிரியரும் உணர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இவ்வாறு ஒரு பாடம் இருப்பதாகக் கொள்ளுங்கள்: 'நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றுகிறது. கோவைப் பகுதிக் குளங்கள் அதன் நீரைப் பெறுகின்றன. சிங்காநல்லூர்க் குளம் அவற்றுள் ஒன்று. குளத்தில் பறவைகள் வாழ்கின்றன. குளத்தில் கழிவுநீர் கலக்கிறது.' ஐந்து தொடர்களும் உண்மை. ஆயினும் அவை தனித்தனியே நிற்கும் ஐந்து தூண்கள். மேலே கூரை இல்லை.

அதனையே இவ்வாறு எழுதலாம்: 'முதலில் ஆற்றைப் பார்ப்போம். நொய்யல் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றுகிறது. அதன் நீர் வீணாகாதிருக்க நம் முன்னோர் குளங்களை அமைத்தனர். எடுத்துக்காட்டாக, நம் சிங்காநல்லூர்க் குளத்தைச் சொல்லலாம். நீர் நின்றதால் மீனும் பூச்சியும் பெருகின. ஆகவே பறவைகள் வந்தன. ஆனால் இன்று அங்கே கழிவுநீரும் கலக்கிறது. இதனால் பறவைகளுக்கு என்ன நேரக்கூடும்? நீ எண்ணிப் பார்.' முன்னதில் செய்திகள் கிடந்தன; பின்னதில் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. 'ஆகவே' என்ற ஒரு சொல் காரணத்தையும் விளைவையும் கட்டியது. 'ஆனால்' என்ற ஒரு சொல் நன்மைக்கும் தீமைக்கும் நடுவே நின்று எச்சரித்தது. இறுதி வினா படிப்பவனைக் குளக்கரைக்கே அழைத்துச் சென்றது. முன்னதை மாணவன் மனப்பாடம் செய்வான். பின்னதை அவன் சிந்திப்பான்.

இதுவரை வழியைக் காட்டும் சொற்களையே பெரிதும் பேசினோம். உறவை அமைக்கும் சொற்களுள் மிக முக்கியமான ஒன்று எஞ்சியுள்ளது. அது ஐயத்தையும் துணிவையும் அளந்து காட்டும் சொல். கொங்கு நாட்டு உழவர் மேற்கு வானத்தைப் பார்த்து, 'மழை வர்றாப்பல இருக்குதுங்க' என்பார். 'மழை வரும்' என்று அறுதியிட்டுச் சொல்லமாட்டார். தாம் அறிந்தது எவ்வளவு, அறியாதது எவ்வளவு என்று அளந்து பேசும் அறிவு அது. எழுத்துத் தமிழில் 'கூடும்', 'போலும்', 'இதுவரை அறிந்தவரை' என்பன அப்பணியைச் செய்யும். ஆனால் பள்ளிப் பாடநூல்களில் இவை அருகியே காணப்படுகின்றன. அங்கே எல்லாம் 'ஆகும்', 'உண்டு', 'இல்லை' என்றே முடியும்.

இதனால் நேரும் தீங்கிற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். நாவின் நுனி இனிப்பையும், பின்பகுதி கசப்பையும், ஓரங்கள் புளிப்பையும் உணரும் என்று ஒரு படம் பல நாட்டுப் பாடநூல்களில் பல்லாண்டுகள் இடம்பெற்றது. 1901-ஆம் ஆண்டின் செருமானிய ஆராய்ச்சி ஒன்றைப் பின்வந்தோர் பிறழ உணர்ந்ததால் பரவிய செய்தி அது. நாவில் சுவையரும்புகள் உள்ள பகுதிகள் எல்லாச் சுவைகளையும் உணர வல்லவை என்பதே உண்மை. சிறிது உப்பை நாவின் நுனியில் வைத்துப் பார்க்கும் எந்தக் குழந்தையும் அப்படத்தை ஐயுற்றிருக்க முடியும். ஆனால் நூல் அவ்வளவு உறுதியாகப் பேசியபோது, குழந்தை தன் நாவையே நம்பவில்லை. மற்றொன்று புளூட்டோ. 1930-இல் கண்டறியப்பட்ட அது, 76 ஆண்டுகள் ஒன்பதாவது கோளாக எண்ணப்பட்டது. 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு வரையறை வகுத்தபோது, அது குறுங்கோள் ஆயிற்று. இங்கே நூல் பிழை செய்யவில்லை. அறிஞரின் வரையறை மாறியது. 'கோள்கள் ஒன்பது என்று இன்று கொள்கின்றனர்' என்று எழுதியிருந்தால், மாற்றம் வந்தபோது மாணவன் திகைத்திருக்கமாட்டான். 'கொள்கின்றனர்' என்னும் அச்சிறு சொல், அறிவு என்பது மனிதர் தேடிச் சேர்ப்பது என்னும் பேருண்மையை அவனுக்குச் சொல்லியிருக்கும். பழைய இலக்கண ஆசிரியர் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் முடித்தது வெறும் அசைக்காகவா? சொன்னவர் உளர், நான் அவரிடமிருந்து பெற்றேன் என்னும் நேர்மை அதில் உண்டு.

இவ்வளவு சொன்னதால், வழித்துணைச் சொற்களை வாரி இறைப்பதே நல்ல நடை என்று எவரும் கருத வேண்டா. ஒவ்வொரு தொடரிலும் 'அதாவது', 'ஆகவே', 'நினைவில் கொள்க' என்று வந்தால், நடத்துநரின் கூச்சலில் பயணி காதைப் பொத்திக்கொள்வான். எல்லாவற்றையும் 'மிக முக்கியம்' என்று கட்டமிட்டால் எதுவும் முக்கியமன்று. ஐயமே இல்லாதவிடத்து 'ஒருவேளை' என்பதும் பொய்யே. இரண்டும் இரண்டும் நான்கு என்பதற்கு 'கூடும்' எதற்கு? வழித்துணைச் சொற்கள் உப்பைப் போன்றவை. அளவே அவற்றின் அழகு. முதல் வகுப்பு நூலில் அவை மிகுந்திருக்கலாம். வகுப்பு உயர உயரச் சில குறைந்து, அவற்றின் வேலையை மாணவனே ஏற்கப் பழக வேண்டும். கைப்பிடித்து நடத்துவது என்றேனும் கையை விடுவதற்காகவே அன்றோ?

மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியன மூன்று. முதலாவது, பாடத்தைப் படிக்கும்போது 'ஆகவே', 'ஆனால்', 'எனினும்' என்னும் சொற்கள் வருமிடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். எது காரணம், எது விளைவு, எது தடை என்று உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். அச்சொல் இல்லாத இடத்தில் எச்சொல்லை இடலாம் என்றும் எண்ணுங்கள். பாடம் உங்கள் உடைமையாகிவிடும். இரண்டாவது, வினாத்தாளில் பொருளைப் பார்ப்பதற்கு முன் ஏவல் சொல்லைப் பாருங்கள். 'விளக்குக' என்றதா, 'வேறுபடுத்துக' என்றதா, 'சான்று தருக' என்றதா என்று அறிந்தபின் எழுதத் தொடங்குங்கள். ஏவலின் பொருள் தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேட்கத் தயங்காதீர்கள். அது நாணத்தக்க வினா அன்று. மூன்றாவது, நூல் எதையேனும் உறுதியாகச் சொல்லும்போது, 'இதனை யார் கண்டார்? எப்படிக் கண்டார்? இன்றும் அப்படியேதானா?' என்று வினவுங்கள். இவ்வினா நூலை அவமதிப்பதாகாது. நூல் சொல்லாமல் விட்ட வழித்துணைச் சொல்லை நீங்களே இட்டு நிரப்புவதாகும்.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். சிலர் பாடநூல் எழுதுவீர்கள். அப்போது உங்கள் எதிரே, வீட்டில் ஒரு தமிழையும் நூலில் வேறொரு தமிழையும் கேட்கும் சிறுமி அமர்ந்திருப்பாள். வேற்று மாநிலத்திலிருந்து வந்து, தமிழையே புதிதாகக் கற்கும் சிறுவனும் அவளருகே இருப்பான். 'ஏனெனில்' என்று நீங்கள் எழுதுமுன், 'ஏன்னா' என்பதிலிருந்து அதற்குச் செல்லும் ஒரு படியை அவர்களுக்கு அமைத்துக் கொடுங்கள். 'எழுதுக' என்று ஏவுமுன், என்ன எழுத வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்குமா என்று ஒருமுறை எண்ணுங்கள். பொருளைத் தருவது புலமை; அப்பொருளை நோக்கி எளியவனையும் உடன் அழைத்துச் செல்வது அறம். இரண்டும் சேர்ந்த நூலே பாடநூல் என்னும் பெயருக்கு உரியது.